குதிரைத்திறனும் ஓட்டுபவர் துணிவும்

சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையத்திற்கு 100 சி.சி. மோட்டார் சைக்கிளில் சேலைக்கட்டு ஏற்றிச் செல்பவர், எதிரே பேருந்து தெரிந்தால் லாரியை முந்த நினையார்; இயந்திரத்தின் இயலாமையே அவருக்கு நிதானம். 350 சி.சி. வண்டி முந்தும் நேரத்தைக் குறைப்பது மெய்யே. ஆயினும் மிஞ்சும் நொடிகளைப் பலர் சேமிப்பதில்லை. இன்னும் குறுகிய இடைவெளியில் நுழையவே துணிகின்றனர்.

திறன் கூடினும் பிரேக்கின் பலன் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பளவே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். தயங்கும் ஒரு நொடியிலேயே 22 மீட்டர் கழிந்துவிடும்.

சிங்கப்பூரில் முதல் உரிமம் 200 சி.சி. வரைக்கே, ஓராண்டுக்குப் பின்னரே 400 வரைக்கான தேர்வு. நம் நாட்டில் 18 வயதில் பெறும் கியர் வண்டி உரிமத்திற்கு அத்தகைய படிகள் இல்லை. பெரிய வண்டி வாங்கும் அங்கத்தினர், சுமை ஏற்றுமுன் வெறுஞ்சாலையில் பிரேக் பிடித்துப் பழகுவது நன்று.