எடை மேடையில் ஏறிய இரண்டு பைக்குகள்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார் அண்ணன். வயது நாற்பத்தேழு. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்த மறுவாரமே, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மணாலியிலிருந்து லே வரை பைக்கில் போய்வர வேண்டும் என்ற இருபது வருட ஆசையைக் கையில் எடுத்தார். ஆசைக்கு ஏற்ற வண்டி என்று கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று ராயல் என்ஃபீல்டு இமாலயன் 450. மற்றொன்று கேடிஎம் 390 அட்வென்ச்சர்.

இரண்டின் விவரங்களையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் பல வருடமாக டூரிங் பைக் ஓட்டுகிறவன், அதனால்தான். தாளைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை என்றார். "ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குது தம்பி. காகிதத்துல பாரம் ஏத்திப் பாக்க முடியாதுல்ல?"

லாரிக்காரர் கேட்ட இந்தக் கேள்விதான் அடுத்த மூன்று வாரம் எங்களை நடத்தியது.

தாளில் இருந்தது தவறில்லை. இமாலயன் 450, 2023 நவம்பரில் வந்த வண்டி. 452 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜின், 40 பிஎஸ் சக்தி, 196 கிலோ எடை, 17 லிட்டர் டேங்க். கேடிஎம் 390 அட்வென்ச்சரின் புதிய தலைமுறை 2025 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. 399 சிசி, 46 பிஎஸ், 14.5 லிட்டர் டேங்க்; எடை பத்துக் கிலோவுக்கு மேல் குறைவு. இரண்டுக்கும் முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 17. தரையிலிருந்து அடிப்பாகம் வரை ஒன்றுக்கு 230 மில்லிமீட்டர், மற்றதற்கு 227. சீட் உயரம் ஒன்றுக்கு 825, மற்றதற்கு 830. ஐந்து மில்லிமீட்டர் என்பது ஒரு காலுறையின் தடிமன்தான்.

ஷோரூமில் கொடுத்த டெஸ்ட் ரைடு எதற்கும் உதவவில்லை. எந்த ஷோரூம் என்பது முக்கியமில்லை, பெரும்பாலும் இப்படித்தான். மூன்று கிலோமீட்டர் தார் ரோடு, பின்னால் கடைப் பையன், "மூணாவது கியருக்கு மேல வேண்டாம் சார்" என்ற வேண்டுகோள். லேவுக்குப் போகிறவர் அந்த மூன்று கிலோமீட்டரில் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? அதனால் எனக்குத் தெரிந்த ரைடர் குழுவில் கேட்டோம். இரண்டு வண்டிக்காரர்களும் மனமுவந்து ஆளுக்கொரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொடுத்தார்கள். வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: அதே வண்டியை ஓராண்டாவது ஓட்டிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். டேங்கை நிரப்பித் திருப்பிக் கொடுங்கள். அவர் செயின் ஸ்ப்ராக்கெட்டை எப்போது மாற்றினார், டயர் எத்தனை கிலோமீட்டர் வந்தது, கிளட்ச் கேபிள் எங்கே அறுந்தது என்பதையெல்லாம் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

முதல் ஞாயிறு இமாலயன். அண்ணன் ஓட்டிப் பார்க்க நினைத்திருந்த கொல்லிமலைக்குப் போகாமல் நேரே எடை மேடைக்குப் போனார்.

லாரிகள் ஏறுகிற மேடையில் ஒரு பைக் தனியாக ஏறியதைப் பார்த்து டிரைவர்கள் வந்து நின்றார்கள். அண்ணன் 75 கிலோ, அண்ணி 60. இரண்டு பக்கமும் தொங்கிய பைகளில் அரிசி மூட்டையைப் பிரித்துப் போட்டு 25 கிலோ. வண்டியோடு கூட்டினால் 356. மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். 360 என்று காட்டியது. பிறகு முன்சக்கரத்தை மட்டும் மேடையில் வைத்து ஒரு முறை, பின்சக்கரத்தை மட்டும் வைத்து ஒரு முறை. பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. "பின் ஆக்ஸில்ல இவ்வளவு போனா முன்னாடி லேசாயிரும். வளைவுல ஹேண்டில் பேச்சு கேக்காது" என்றார். பைகளை ஒரு சாண் முன்னால் தள்ளிக் கட்டினார். எத்தனையோ வருடமாகப் பையைப் பின்சீட்டுக்கும் பின்னால் கட்டிவந்த எனக்கு அன்றுதான் அந்தக் கணக்கு உறைத்தது.

எடை மேடை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வண்டியோடு வரும் கையேட்டில் மொத்த எடை எவ்வளவு வரை போகலாம் என்று போட்டிருக்கும். இருவரின் எடை, ஹெல்மெட், ஜாக்கெட், பை, தண்ணீர், கருவிகள், கூடுதலாகப் பொருத்தும் இரும்புக் கம்பிகள் எல்லாவற்றையும் கூட்டி அந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன்னால் பாருங்கள்.

பாரம் ஏற்றியதும் சீட் உயரத்தின் கதையும் மாறிவிட்டது. ஸ்பிரிங் அமுங்கி வண்டி கீழே இறங்குகிறது. ஆஃப்-ரோடு வண்டிகளில் ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் முழு நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. 200 மில்லிமீட்டர் ஓடும் சஸ்பென்ஷன் என்றால் அறுபது, அறுபத்தைந்து. அதைவிட அதிகமாக அமுங்கினால் பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். இமாலயனில் பின்னால் அதை மட்டும் மாற்றலாம். முன் ஃபோர்க்கில் திருக எதுவும் இல்லை. கேடிஎம்மில் முன்னும் பின்னும் திருகித் திருகி மாற்ற இடம் உண்டு. தனியாக ஓடும்போது ஒரு செட்டிங், இருவர் போகும்போது ஒரு செட்டிங் என்று கவனமாக மாற்றிக்கொள்கிறவருக்கு அது பெரிய வரம். மாற்றவே போவதில்லை என்பவர் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

அண்ணன் உயரம் 165 சென்டிமீட்டர். பூட்ஸ் போட்டு, அண்ணியும் ஏறிய பிறகு, சரிவான இடத்தில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிப் பார்த்தார். இங்கே உயரத்தைவிட சீட்டின் அகலம்தான் பேசுகிறது. முன்பக்கம் ஒடுங்கிய சீட் என்றால் கால் நேராக இறங்கும். அகலமாக இருந்தால் தொடை விரிந்து, அதே உயரத்திலும் பாதம் எட்டாது. சமதளத்தில் இரண்டு காலும் எட்டுகிறதா என்று பார்ப்பதைவிட, சரிவில் ஒரு கால் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். மலையில் வண்டி பெரும்பாலும் நின்ற இடத்தில்தான் விழுகிறது.

விழுந்தால் தூக்க வேண்டும். ஒரு புல்தரையில் இரண்டு வண்டிகளையும் அதனதன் ஞாயிறில் வேண்டுமென்றே மெல்லப் படுக்கவைத்தோம், சொந்தக்காரர்களின் அனுமதியோடுதான். வலப்புறம் விழுந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். கியரில் போட்டு, சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில்பாரையும் மறு கையில் பின்பக்கப் பிடியையும் பற்றி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். முதுகால் இழுக்கக் கூடாது, தொடையால் தள்ள வேண்டும். அண்ணன் இரண்டையும் தூக்கினார். இமாலயனைத் தூக்கிய பிறகு மூச்சு வாங்க நின்றார். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் இதையே மூன்றாவது முறை செய்ய முடியுமா என்று யோசித்தார். பத்துச் சொச்சம் கிலோ வித்தியாசம் காகிதத்தில் ஒரு வரி. கையில் அது வேறு.

அதன் பிறகுதான் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியின் குணம் தெரிய இதைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் இல்லை.

இமாலயனின் முழு முறுக்குவிசை 40 நியூட்டன் மீட்டர், என்ஜின் 5,500 சுற்றில் இருக்கும்போது கிடைக்கிறது. கேடிஎம்முக்கு 39, ஆனால் 6,500 சுற்றில். ஒன்று குறைவு என்பது பெரிதில்லை. அந்த ஆயிரம் சுற்றுதான் இரண்டு வண்டிகளின் சுபாவத்தைப் பிரிக்கிறது. முழுப் பாரத்தோடு வளைவில் திரும்பும்போது இமாலயனில் அண்ணன் இரண்டாவது கியரிலேயே நிதானமாக இழுத்துக்கொண்டு போனார். மறு ஞாயிறு கேடிஎம்மில் அதே வளைவுகளில் அடிக்கடி முதல் கியருக்கு இறங்கினார். ஆனால் வளைவு முடிந்து சாலை நேரானதும் அது பாய்ந்த பாய்ச்சலில் அவர் முகமே மாறிவிட்டது. சுற்றை ஏற்றி ஓட்டினால் உயிர் பெறும் என்ஜின் அது. தனியாக நான் ஓட்டிப் பார்த்தபோது எழுபது வளைவும் எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. மனசு முழுக்க அந்த வண்டியோடு போய்விட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

மலைமேல் செம்மேட்டில் வண்டியை விட்டு இறங்கியதும் அண்ணியிடம் கேட்டோம். பின்சீட்டின் அகலம், காலடியின் உயரம், பிடிமானம் எங்கே என்று அவர் வரிசையாகச் சொன்னார். கேடிஎம்மில் முழங்கால் அதிகம் மடங்குவதாகவும், இமாலயனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியும் என்றும் அவருக்குப் பட்டது. இன்னொருவர் உடம்புக்கு இது தலைகீழாகவும் இருக்கலாம். அதனால்தான் பின்னால் உட்காரப் போகிறவரைக் கூட்டிப் போகாமல் டூரிங் வண்டி வாங்கக் கூடாது. எங்கள் ஊரில் இதை யாரும் கேட்பதே இல்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

ஏபிஎஸ் பற்றி ஒன்று. தார் ரோட்டில் அது உயிர்காக்கும். சரளைக் கல்லில், குறிப்பாக இறக்கத்தில், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும். அதனால் இரண்டிலுமே பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க வசதி உண்டு. கேடிஎம்மில் கூடுதலாக, வண்டி சாய்ந்திருக்கும் கோணத்தை அறிந்து பிரேக்கை அளக்கும் ஏபிஎஸ்ஸும், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பும் இருக்கின்றன. மழையில் தார் ரோட்டு வளைவுகளே உங்கள் பயணம் என்றால் இவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

சக்கரத்தைப் பற்றி என் சொந்தப் பாடம் உண்டு. தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முறை என் வண்டியின் பின்சக்கரம் பஞ்சர். டியூப் டயர். சக்கரத்தைக் கழற்ற ஆக்ஸில் ஸ்பேனர் என்னிடம் இல்லை. லாரிகள் உறுமிப் போகும் சாலையோரம் இரண்டு மணி நேரம் நின்றேன். டியூப்லெஸ் என்றால் கம்பி போன்ற ரப்பரைச் செருகிக் காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம். கற்களில் அடிவாங்க ஸ்போக்ஸ் சக்கரம் நல்லது; பஞ்சர் ஒட்ட டியூப்லெஸ் நல்லது. இமாலயனுக்கு 2024இலிருந்து ஸ்போக்ஸோடு டியூப்லெஸ் வாங்க முடிகிறது. மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் அதில் பார்க்க வேண்டாம் என்று அண்ணனிடம் அழுத்தமாகச் சொன்னேன். கேடிஎம் 390 அட்வென்ச்சர் எக்ஸ் என்ற விலை குறைந்த வகையில் 19 அங்குல அலாய் சக்கரம் வருகிறது. தார் ரோட்டிலேயே பெரும்பாலும் ஓடுகிறவருக்கு அதுவே போதும், சுருக்காகத் திரும்பும்.

பெட்ரோல் கணக்குக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டியில் ஒரு பங்க் உண்டு. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே நின்ற மஞ்சள் பலகை, பைக் ஓட்டிகள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் ஒன்று. லிட்டருக்கு 28 என்று வைத்தால் 17 லிட்டரில் 476 கிலோமீட்டர், 14.5 லிட்டரில் 406. இரண்டுமே தாண்டிவிடும். ஏற்றமும் பாரமும் சேர்ந்து 24ஆக இறங்கினால்? 408, 348. இரண்டாவது எண் 365க்குக் கீழே. கேன் கட்டினால் தீர்ந்தது, உண்மைதான். ஆனால் ஐந்து லிட்டர் கேன் என்பது ஏற்கெனவே பின்பாரம் ஏறிய வண்டியில் இன்னும் நாலு கிலோ.

சக்தியைப் பற்றியும் அங்கே வேறு கணக்கு. அதே வழியில் உள்ள டக்லங் லா கணவாயின் உயரம் 5,328 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு அமைப்பு கலவையைச் சரிசெய்யும். இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. 46 பிஎஸ்ஸும் 40 பிஎஸ்ஸும் அங்கே ஏறத்தாழ பாதிப் பாதியாகின்றன. ஆறு பிஎஸ் வித்தியாசம் மூன்றாகிவிடும். இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சக்தி பாதியாவுது. எடை பாதியாவாதே" என்றார். அந்த ஒரு வரியில் கேடிஎம்முக்கு மறுபடி ஒரு மதிப்பெண் ஏறியது.

பணம். அறிமுகமானபோது இமாலயன் ஷோரூம் விலை 2.69 லட்சத்தில் தொடங்கியது, கேடிஎம் 3.68 லட்சம். அதன் பிறகு விலைகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இரண்டுமே அந்த வரம்புக்கு மேல். எனவே பழைய விலைப் பட்டியலை நம்பாமல், வரி, காப்பீடு, பதிவு எல்லாம் சேர்ந்த தொகையைக் கையெழுத்தோடு வாங்குங்கள். அதோடு என்ஜின் கார்டு, அடித்தகடு, பைகளுக்கான கம்பி ஆகியவற்றின் விலையையும் இரு பக்கமும் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

அண்ணன் செய்த இன்னொன்று எனக்குப் பிடித்தது. விற்பனை மேசைக்குப் போகும் முன் உதிரிபாக கவுண்டருக்குப் போனார். கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ரியர்வியூ கண்ணாடி, கிளட்ச் பிளேட் என நான்கு பொருள்களைக் கேட்டார். விலை என்ன என்பதோடு, "இன்னிக்கு இங்க இருக்குதா?" என்று கேட்டார். ஆஸ்திரியாவில் கேடிஎம் நிறுவனம் 2024 நவம்பரில் திவால் நடைமுறைக்குப் போனபோது இங்கே பலர் பயந்தார்கள். ஆனால் இந்தியாவில் விற்கும் 390 வண்டிகள் புனே அருகே சாகனில் பஜாஜ் ஆலையில் உருவாகின்றன. செய்தியைவிட கவுண்டரில் கிடைக்கும் பதில் நம்பத்தக்கது.

கடைசியில் அவர் இமாலயனை எடுத்தார், டியூப்லெஸ் ஸ்போக்ஸோடு. இரண்டாவது கியரில் பாரம் இழுத்த விதம், பெரிய டேங்க், அண்ணியின் முழங்கால் என்று மூன்று காரணம் சொன்னார். தனியாகப் போகிறவராக இருந்தால் மற்றதைத்தான் எடுத்திருப்பேன் என்று அவராகவே சொன்னார். நானும் அதைத்தான் சொல்வேன்.

இப்போது பைகளுக்கான கேரியரை அவரே பட்டறையில் அடித்துக்கொண்டிருக்கிறார். முதலில் செய்தது ஆறு கிலோ வந்ததாம். வெட்டி எறிந்துவிட்டு மெல்லிய பைப்பில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் போனபோது தராசில் மூன்றே முக்கால் காட்டியது. "இன்னும் கால் கிலோ எடுக்கலாம் தம்பி" என்று வெல்டிங் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.