குழந்தையின் முதல் உணவு

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் ஒன்றே போதிய உணவாகும். அதுவரை தண்ணீரும் வேண்டுவதில்லை. தேனோ, ஓராண்டு நிரம்பும்வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் இளங்குடலில் நஞ்சாகிவிடும்.

ஆறு திங்கள் நிரம்பியபின் நிலை மாறுகின்றது. அப்பருவத்துக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். தாய்ப்பால் தருவது ஏறத்தாழ 400. எஞ்சிய 200 கலோரியை உணவே ஈடுசெய்தல் வேண்டும். பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்தும் இக்காலத்தில் குறைந்துவிடுகின்றது. நல்ல நாள் பார்த்துச் சோறூட்ட விரும்புவோர் அவ்வாறே செய்க. ஆயின் அந்நாளுக்காக எட்டாம் திங்கள்வரை குழந்தையைக் காக்கவைத்தல் தகாது.

பல் முளைக்கவில்லையே என்று கஞ்சித்தெளிவையும் பருப்புத் தண்ணீரையும் மட்டுமே ஊட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதனை நாம் விட்டொழித்தல் வேண்டும். குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. நீரால் அது நிரம்பிவிடின் சத்தும் சேராது, தாய்ப்பாலுக்கும் இடமிராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்கும் குழைவே உரிய பதம்.

செண்பகனூரைச் சூழ்ந்த பழனிமலைச் சரிவுகளில் காரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் விளைகின்றன. கீழ்மலையில் மலைவாழையும் வெண்ணெய்ப்பழமும் உள்ளன. இவை மூட்டை மூட்டையாக லாரியேறிச் சமவெளிச் சந்தைக்குச் செல்ல, விளைவித்தவர் வீட்டுக் கிண்ணத்தில் கஞ்சித்தெளிவு மட்டும் இருப்பது முறையோ? வேகவைத்து மசித்த காரட், குழைந்த பருப்புச் சோறு, கீரை, நன்கு வெந்த முட்டை ஆகியவற்றை மூன்று நான்கு நாளுக்கு ஒன்றாகப் பழக்கலாம்.

மலைவாழ்வோர் கருதவேண்டிய செய்தி ஒன்று. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆதலின் பருப்பு எளிதில் மசியாது. முன்னரே ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் வேகவைத்தல் நன்று. அத்தகைய உயரத்தில் குடிநீரும் கொதி வந்தபின் மூன்று நிமிடம் கொதித்தல் வேண்டும்.

கேழ்வரகை முளைகட்டி அரைத்த மாவு மிகச் சிறந்தது. வெறும் மாவைக் காய்ச்சினால் களிபோல் இறுகும். இளக்குவதற்கு நீரையே சேர்க்க நேரும். முளைக்கும்போது தோன்றும் நொதி மாப்பொருளைச் சிதைத்து இளக்கிவிடுவதால், அதே அளவு நீரில் கூடுதல் மாவு இடலாம். ஓரிரவு ஊறிய தானியத்தை ஈரத்துணியில் கட்டி வைக்கவேண்டும். மலைக்குளிரில் முளைக்கச் சற்று நாளாகும். அடுப்பங்கரை அதற்கு ஏற்ற இடம். முளை கண்டபின் வெயிலில் நன்கு உலர்த்தி, இளஞ்சூட்டில் மட்டும் வறுக்கவேண்டும். கருக வறுத்தால் நொதி அழிந்துவிடும். பூசணம் கண்டதை எறிந்துவிடுக.

அங்கன்வாடியில் வழங்கப்பெறும் சத்துமாவு மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் ஆக்கப்பெறுவது என்பது நம் உறுப்பினர்க்கு மகிழ்வூட்டும். அதில் வெல்லம் முன்னரே கலந்துள்ளமையின் மேலும் சர்க்கரை வேண்டா. மாதந்தோறும் எடைபார்ப்பதையும் தவறவிடலாகாது. 1980-ல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு முதல் முப்பத்தாறு திங்கள் வரையுள்ள குழந்தைகளை இவ்வாறே எடையிட்டது. எடை ஏறாத குழந்தைக்கே முதலில் கூடுதல் உணவு தந்தது.

முதலில் இரண்டு மூன்று கரண்டி. பின்னர் வேளைக்கு அரைக் கிண்ணம். எட்டுத் திங்கள்வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், அதன்பின் மூன்று நான்கு வேளையும் ஊட்டலாம். தறியிலோ தோட்டத்திலோ இருக்கும் தாய்க்கு இது எளிதன்று. வீட்டிலுள்ள தந்தையும் பாட்டியும் கரண்டியை எடுத்தால் என்ன? புட்டியை விலக்கி, கைகழுவி, கிண்ணத்திலிருந்தே ஊட்டுக. இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டபோது உணவை நிறுத்தாமல் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்து, தாய்ப்பாலை முன்னினும் அடிக்கடி ஊட்டுதல் வேண்டும்.