மூச்சு வாங்கும்போதே யோசிக்கப் பழக்குங்கள்

ஃபுட்சால் தளம் 40 மீட்டருக்கு 20 மீட்டர்தான். பந்து காலுக்கு வருமுன் எதிரணிக்காரர் வந்து நிற்பார். பக்கக்கோட்டிலிருந்து பந்தை உதைத்துப் போட 4 வினாடி; தாண்டினால் பந்து அவர்களுக்கு. களைத்த காலோடு முடிவெடுக்கும் ஆட்டம் இது. ஆனால் பல அணிகளில் காலையில் ஓட்டம், மாலையில் மன உறுதி பற்றி ஒரு பிரசங்கம். பிரசங்கத்தை விடுங்கள், இரண்டையும் ஒரே பயிற்சிக்குள் கொண்டுவாருங்கள்.

முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்ற. எல்லோரும் பந்தை உருட்டியபடி ஓடட்டும். நீங்கள் அவ்வப்போது விரல்களைக் காட்டுங்கள். எத்தனை என்று உடனே கத்த வேண்டும். தலை தானாக நிமிரும்.

அடுத்து, 15 மீட்டர் தூரத்தை நான்கு முறை முழு வேகத்தில் ஓடவிட்டு, நிற்கவிடாமல் மூவருக்கு இருவர் என ஒரு நிமிடம் ஆடவையுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு. ஆறு சுற்று போதும். பாஸ்கள் கண்டபடி சிதறத் தொடங்கினால் ஐந்தோடு நிறுத்திவிடலாம்.

அந்த ஓய்வும் பயிற்சிதான். ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், பெஞ்சில் உட்காரும் நேரம் அதிகம். முதல் அரை நிமிடம் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடட்டும். பிறகு எதிரில் ஆடுபவர்களில் ஒருவரை மட்டும் கவனித்து, அவர் எந்தக் காலை நம்புகிறார் என்று உங்களிடம் சொல்லட்டும்.

கடைசியில் ஆறாவது பவுல். ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் ஆறாவது நேரடி ஃப்ரீகிக் பவுலிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச்சுவர் இல்லாத உதை கிடைக்கும். பெரும்பாலும் 10 மீட்டர் புள்ளியிலிருந்து. இதைப் பயிற்சியின் தொடக்கத்தில், கால் புத்துணர்வாக இருக்கும்போது அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. எல்லோரும் தளர்ந்தபின் ஆளுக்கு ஒரே ஓர் உதை. பந்தை வை, பின்னால் போ, நீளமாக மூச்சை விடு, மூலையைத் தேர்ந்தெடு, மனதை மாற்றாதே. மற்றவர்கள் கூச்சல் போடட்டும். என் அனுபவத்தில் அதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

தடுப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 'ஏற்கெனவே ஐந்து பவுல்' என்று அறிவித்துவிட்டு நான்கு நிமிடம் ஆடவிடுங்கள். கோபத்தில் காலை நீட்டுபவர் யார் என்று அப்போது தெரியும்.

வாரம் இருமுறை, இடையில் குறைந்தது ஒரு நாள் விட்டு. போட்டிக்கு முந்தைய நாள் இது வேண்டாம். பந்தோடு லேசாக அரை மணி நேரம் போதும்.