ஸ்ட்ரக்டினுள் ஆப்ஜெக்ட்

ஆப்ஜெக்டிவ்-சி என்னும் நிரல்மொழி சி மொழியின்மேல் எழுப்பப்பெற்றது. ஆதலின் சியின் ஸ்ட்ரக்டும் தனக்கே உரிய ஆப்ஜெக்டும் அதில் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றன. ஆயினும் அவ்விரண்டின் இயல்பும் வேறு.

ஒரு படிப்பறையைக் கருதுக. வருவோர் வாயிலில் தம்மை எண்ணிக்கையிற் சேர்த்துக்கொள்வர். போவோர் குறைத்துச் செல்வர். எண்ணிக்கை பூச்சியமானால் விளக்கு அணையும். ஆப்ஜெக்ட் நினைவகத்தில் நிலைப்பதும் இங்ஙனமே. 'ரீடெய்ன்' கூட்டும்; 'ரிலீஸ்' குறைக்கும். முன்னர் நிரலாளர் கைப்பட எழுதிவந்த இக்கணக்கை, 2011-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஆர்க்' என்னும் முறையில் கம்பைலரே எழுதத் தொடங்கிற்று.

ஸ்ட்ரக்டோ வெறும் பைட்டுகளின் வரிசை. 'மால்லாக்' இடம் தரும், 'மெம்காபி' படியெடுக்கும், 'ஃப்ரீ' இடத்தை விடும். இவையெல்லாம் படிப்பறையின் சாளரவழிப் போக்குவரவு. வாயில் காக்கும் கம்பைலர் அவற்றை அறியாது. அதனாலேயே ஆர்க் தொடக்கத்தில் ஸ்ட்ரக்டினுள் ஆப்ஜெக்டை உரிமையுடன் வைத்தலை விலக்கிற்று.

யாம் சொல்லடைவு ஒன்றிற்காக, சொல்லும் அது வரும் எண்ணிக்கையும் கொண்ட ஸ்ட்ரக்டை வகுத்தபோது, பழைய குறிப்பொன்றைப் பின்பற்றிச் சொல்லின்முன் 'அன்சேஃப் அன்ரீடெய்ன்ட்' என்னும் அடையை இட்டோம். கம்பைலர் வாய் திறக்கவில்லை. ஒரு பக்கத்தைக் கொடுத்தோம், நன்கே ஓடிற்று. நூல் முழுவதையும் கொடுத்தோம், நடுவில் மடிந்தது. இரண்டு இரவுகள் தேடியபின்னரே காரணம் புலனாயிற்று. அவ்வடை உரிமை கோராது; விலாசத்தை மட்டும் வைத்திருக்கும். முதற்பக்கத்தின் சொற்றொகுதி விடுபட்டவுடன் அதன் சொற்களும் அழிந்தன. ஸ்ட்ரக்ட் இடிந்த வீட்டின் விலாசத்தையே காட்டிக்கொண்டிருந்தது. 'வீக்' என்னும் அடையாயின் பாயிண்டர் 'நில்' ஆகியிருக்கும்.

2018-இல் எக்ஸ்கோட் 10 வந்தபின் பழைய விலக்கு நீங்கிற்று. ஸ்ட்ரக்டைச் சமக்குறியாற் படியெடுக்குமிடத்தும், அதன் வாழ்நாள் முடியுமிடத்தும் வேண்டும் கூட்டல் குறைத்தலைக் கம்பைலரே அமைக்கின்றது. யாமும் அடையை நீக்கினோம்.

ஆயினும் இடத்தை நாமே கேட்டுப் பெறுங்கால் விழிப்பு வேண்டும். மால்லாக் தருவது துடைக்கப்படாத இடம். அதிற் புதிய மதிப்பை இடும்போது, ஆங்குக் கிடக்கும் குப்பையைப் பழைய ஆப்ஜெக்டென்று கருதி ரிலீஸ் நிகழும். ஆதலின் பூச்சியமிட்டுத் தரும் 'கால்லாக்'கைக் கொள்க. ஃப்ரீக்கு முன் பாயிண்டர்தோறும் நில் இடுக. இன்றேல் இடம் விடுபடும், எண்ணிக்கை குறையாது, ஆப்ஜெக்ட் அழியாமலே கிடக்கும்.

சிறு கிளாஸ் ஒன்றை வகுத்திருப்பின் இத்தொல்லை எழாது என்றனர் நண்பர். மெய்யே, சொற்களை இடைவெளியின்றி ஒரே தொடராய் அடுக்க விழைந்தமையால் யாம் ஸ்ட்ரக்டை விடவில்லை.