அடிபட்டது கால், பழுதானது சிறுநீரகம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

தோழியரே! தறிக்குழியில் நெடுநேரம் அமர்ந்து நெய்துவிட்டு எழும்போது, கால் மரத்துவிட்டது என்று என் அப்பா உதறிக்கொள்வார். சிறிது நேரத்தில் சரியாகிவிடும். அதே கால் மணிக்கணக்காக ஒரு சுவரின் அடியில் நசுங்கிக் கிடந்தால் என்ன ஆகும்?

இரண்டாம் உலகப்போரில் இலண்டன் நகரின்மீது குண்டுகள் விழுந்தபோது இதற்கு விடை கிடைத்தது. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட சிலர் முதலில் நன்றாகவே இருந்தனர். பிறகு கால் வீங்கியது. சிறுநீர் கருத்துக் குறைந்தது. சில நாட்களில் இறந்தே போயினர். பைவாட்டர்ஸ், பீல் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 1941-ஆம் ஆண்டில் எழுதினர்.

தசைக்குச் செந்நிறம் தருவது மயோகுளோபின் என்னும் புரதம். சாயம் சரியாகப் பிடிக்காத பட்டு நூலை அலசினால் தொட்டி நீர் சிவப்பதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே நசுங்கிய தசைச் செல்கள் உடைந்ததும் இப்புரதம் இரத்தத்தில் இறங்குகிறது. சிறுநீர் கடுந்தேநீரின் நிறம் பெறுகிறது. வீங்கும் தசை இரத்தத்திலுள்ள நீரையும் இழுத்துக்கொள்வதால், சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. அங்குள்ள நுண்குழல்களில் புரதம் கட்டியாகி அடைத்துக்கொள்கிறது. இதனினும் விரைவாகக் கொல்வது பொட்டாசியம். பாரம் அகன்றவுடன் அது தசையிலிருந்து பாய்ந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்!

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். சிலர் நாட்கள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டனர். நம் பக்கத்திலிருந்தும் கட்டட வேலைக்குப் பலர் செல்வதால் இது நமக்குத் தொலைவான பாடமன்று. இத்தகைய இடத்தில் பாரத்தை நகர்த்துமுன்பே மருத்துவக் குழுவினர் உப்புநீரை நரம்பில் ஏற்றத் தொடங்கவேண்டும். பெரியவர்களுக்கு மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர். அதில் பொட்டாசியம் இருத்தலாகாது. நாம் அன்போடு நீட்டும் இளநீரில் அது நிறைய உண்டு. (என் பாட்டி இதை நம்பவேயில்லை!)

1999-இல் துருக்கி நிலநடுக்கத்தின்போது இவ்வகையில் 477 பேருக்கு டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. அதனைத் தாங்கிப் பிழைப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் சில வாரங்களில் மீண்டும் இயங்கத் தொடங்கும். ஆகையால்தான், மீட்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து நின்றாலும், அவருடைய சிறுநீர் என்ன நிறம் என்று மருத்துவர் கேட்கிறார்.