நடுத்தெருவில் நிற்காதீர்கள், நியாயத்தின் பக்கம் நில்லுங்கள்!

தூய்மைப் பணியாளர்களுக்கு ஆதரவாக எங்கள் ஊரில் இருபது பேர் ஆர்ப்பாட்டம் நடத்துகிறார்கள். நானும் போக ஆசை. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்?
– வாசகி, அனகாபுத்தூர்

தாராளமாகப் போங்கள். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19-வது பிரிவு தந்த உரிமை.

முதலில், 'போலீஸ் அனுமதி வாங்கியாச்சா?' என்று ஏற்பாட்டாளர்களைக் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு போராடிய தூய்மைப் பணியாளர்களை, 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது நினைவிருக்கும். அந்த விவகாரத்திலும் போராடும் உரிமையை உயர் நீதிமன்றம் மறுக்கவில்லை. அனுமதியில்லாத இடம் என்பதுதான் சிக்கல் ஆனது. ஆகவே, குறித்த இடத்தில், பஸ்ஸை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள்.

விடுமுறை நாளிலோ, லீவு போட்டுவிட்டோ போங்கள். கம்பெனி யூனிஃபார்மும் அடையாள அட்டையும் வீட்டிலேயே இருக்கட்டும். தண்ணீர், சார்ஜ் போட்ட போன், தாளில் எழுதிய வக்கீல் நம்பர் ஆகியவை கையில் இருக்கட்டும்.

பிடித்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, மாலையில் அனுப்பிவிடுவார்கள். மொய் எழுத வேண்டியதில்லை! பெயர், முகவரி சொல்லுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சூரியன் மறைந்தபின் பெண்களைக் கைது செய்யச் சட்டத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு.

இருபது பேர்தானே என்று தயங்காதீர்கள். நீங்கள் போனால் இருபத்தொன்று!