புழக்கடைக் கோழிகளும் நச்சுச் செடிகளும்

வீட்டுக் கோழி இரண்டொன்று செத்துக் கிடந்தால், வேலியோரத்து அரளியையோ எருக்கையோ வெட்டிச் சாய்ப்பது நம் கிராமங்களில் வழக்கம். பெரும்பாலும் இது வீண் வேலை. வெளியில் மேயும் நாட்டுக்கோழி இலையைக் கொத்திப் பார்த்துப் பிடிக்காவிட்டால் விட்டுவிடும். வேறு தீனி கிடைக்கும்வரை அது நச்சுச் செடியை வயிறாரத் தின்பது அரிது. செடியை நாமே வெட்டியோ, அரைத்தோ, அடைத்து வைத்த பசித்த கோழியின் முன் போடும்போதுதான் ஆபத்து. விவரம் அறியாத குஞ்சுகளுக்கு இது இன்னும் அதிகம்.

அரளியின் எல்லாப் பாகங்களிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு; பொன்னரளியும் அப்படியே. இலை காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. எனவே கழித்த கிளைகளைக் கூட்டின்மேல் நிழலுக்குப் பரப்பக் கூடாது. அரளிப்பூ பறித்து விற்பவர்கள் பூ நனைத்த தண்ணீரைக் கோழி குடிக்கும் இடத்தில் ஊற்றக் கூடாது. நஞ்சு அந்த நீரிலும் இறங்கும்.

ஆமணக்கு விதையின் நஞ்சு எண்ணெயோடு போவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. குதிரையைக் காட்டிலும் கோழி இந்த நஞ்சை ஓரளவு தாங்கும் என்பது உண்மை. அதை நம்பித் தீவனத்தில் கலக்கலாகாது. தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் ஆமணக்குப் பிண்ணாக்கை உரமாக இடுவோர், மேலாகத் தூவிவிட்டுப் போகாமல் மண்ணில் நன்றாகக் கொத்தி மூட வேண்டும். கிளறுவது கோழியின் பிறவிக்குணம் அல்லவா?

மரவள்ளி பயிரிடுவோர் பச்சை இலையையும் கிழங்குத் தோலையும் அப்படியே கோழிக்குப் போடக் கூடாது. அவற்றிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். நறுக்கி நன்றாக வெயிலில் உலர்த்தினால் பெரும்பகுதி நீங்கும்.

ஆட்டுக்கு நல்லது கோழிக்கும் நல்லது என்று எண்ணுவது அடுத்த தவறு. ஆடு அசைபோடும் பிராணி. அதன் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பல நச்சுப் பொருள்களைச் சிதைத்துவிடும். கோழிக்கு அந்த வசதி இல்லை. அகத்திக்கீரை நமக்கும் ஆட்டுக்கும் உகந்தது. கோழிக்குக் கெடுதல் என்றே தீவன ஆய்வுகள் காட்டுகின்றன. சூபாபுல் எனப்படும் சவுண்டல் இலையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. உலர்ந்த இலைத்தூளை நூறு பங்கு தீவனத்தில் ஐந்து பங்குக்குள் நிறுத்திக் கொள்வது நலம். பசுந்தீவனம் வேண்டுமானால் வேலிமசால், அசோலா, அறுகம்புல் இருக்கின்றன.

களத்தைக் கூட்டி அள்ளிய தானியத்தில் பேயாவரை விதை கலந்திருக்கலாம். தொடர்ந்து தின்ற கோழிக்குத் தசை நலிந்து கால் துவளும். புடைத்துப் போடுங்கள். மாட்டுக்கு வைத்த பருத்திக்கொட்டையைக் கோழி பொறுக்கினால் உயிருக்கு உடனே கேடில்லை. ஆனால் முட்டையின் மஞ்சள்கரு பச்சை பாரிக்கும். முட்டையை வைத்திருந்தால் வெள்ளைக்கருவும் இளஞ்சிவப்பாகும். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடிப்பார்!

இனி, செத்த கோழியைப் பார்த்து எதை முடிவு செய்வது? இன்று ஒன்று, நாளை இரண்டு என்று சாவு பரவி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக் கொண்டால் பழியைச் செடியின்மேல் போடாதீர்கள். அது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதற்குக் காலத்தில் போடும் தடுப்பூசியே காப்பு. வந்தபின் குணமாக்க மருந்தில்லை. புதிதாக ஏதேனும் தீனி போட்ட அன்றோ மறுநாளோ, நன்றாக இருந்த பல கோழிகள் ஒரே வேளையில் விழுந்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். உடனே அந்தத் தீனியை அகற்றி, சுத்தமான தண்ணீர் வையுங்கள். இறந்த கோழியை வீட்டில் அறுத்துப் பார்க்காமல், சாக்குப்பையில் கட்டிக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். தீனிப்பையில் என்ன இருக்கிறது என்று மருத்துவர் பார்த்தால்தான் காரணம் விளங்கும். அதோடு, அன்று போட்ட தீனியில் ஒரு கைப்பிடியும், சந்தேகப்படும் செடியின் ஒரு கொப்பும் கொண்டு செல்ல வேண்டும். மற்றவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். செத்ததைக் குழம்பு வைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.